அட்டையில் என் பெயர் இல்லை

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். என் மனைவியின் அட்டையில் அவள் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. என் அட்டையிலும் அவள் பெயர்தான். அதற்கு மேலே பொடி எழுத்தில் 'ஸ்பௌஸ் ஆஃப்' என்று போட்டிருந்தார்கள். கரூரில் இருபத்திரண்டு வருஷமாக பஸ் பாடி கட்டுகிறேன். சேலம், நாமக்கல் வரைக்கும் பஸ் முதலாளிகளுக்கு என்னைத் தெரியும். அந்தமானில் நான் இன்னாருடைய புருஷன், அவ்வளவுதான். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊர் திரும்பும் வரை அந்த அட்டையை நான் கழற்றவில்லை. குளிக்கும்போது மட்டும் கொக்கியில் மாட்டி வைத்தேன்.

அவள் காப்பீட்டு முகவர். சின்னவனுக்கு ஒரு வயசு முடிந்த கையோடு பரீட்சை எழுதி, பாஸாகி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். முதல் பாலிசி என் பேரில். வேறு வழி? அடுத்தது பட்டறை வெல்டர், டிங்கர், பெயிண்டர், சீட் தைக்கிற பையன். அதற்கப்புறம் சேஸிஸ் ஓட்டிக்கொண்டு வந்து விடுகிற டிரைவர்கள். எங்கள் முக்குக் கடை மாஸ்டர் அவள் வண்டி நிற்பதைப் பார்த்ததுமே, "பிரீமியம் கட்டிட்டேங்க்கா" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் டீயை ஆற்றுவார். மார்ச் மாதம் எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. இதெல்லாம் குறையாகச் சொல்லவில்லை.

போன வருஷம் கம்பெனியில் ஒரு திட்டம் போட்டார்கள். இத்தனை பாலிசி, இத்தனை பிரீமியம் முடித்தால் ஜோடியாக அந்தமான், நான்கு இரவு, எல்லாச் செலவும் அவர்களுடையது. முடித்துவிட்டாள். 'ஜோடியாக' என்ற வார்த்தையில்தான் சிக்கல் வந்தது. பிள்ளைகளுக்கு இடமில்லை. பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஏழு. கைக்காசு போட்டுக் கூட்டிப் போய்விடலாமா என்று நானும் அவளும் ஒரு வாரம் கணக்குப் போட்டோம். என் மாமியார்தான் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்து வைத்தார்.

"கலியாணமாயிப் பதினாலு வருஷமாச்சு. நீங்க ரெண்டு பேரும் மட்டும் தனியாப் போன எடம் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்?"

யோசித்தோம். கல்யாணமான புதுசில் ஊட்டி போனோம். ஆனால் பெரியப்பா வீட்டார் வேன் பிடித்துக் கூடவே வந்தார்கள். பழனி, குற்றாலம், ராமேஸ்வரம், எல்லாம் கூட்டத்தோடுதான். கடைசியில் அவளே சொன்னாள், பிரசவ ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை. போனபோது ரெண்டு பேர். வந்தபோது அதுவும் இல்லை.

"அப்பப் போயிட்டு வாங்க. நானும் உங்க மாமனும் இங்க எதுக்கு இருக்கிறோம்?" என்றார் அத்தை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி கிளம்பினோம். கரூரிலிருந்து சென்னைக்கு ஏசி ஸ்லீப்பர். பாடி எங்கள் ஊரில் கட்டியதுதான், எந்தப் பட்டறை வேலை என்று ஏறும்போதே தெரிந்துவிட்டது. ரிவிட் வரிசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். "ஏங்க, இந்த ஒரு வாட்டியாச்சும் பஸ்ஸப் பாக்காம என்னையப் பாருங்க" என்றாள். பார்த்தேன். புதுச் சுடிதார். எப்போது எடுத்தாளோ தெரியவில்லை.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். ஜன்னலுக்கு வெளியே வெறும் நீலம், நீலம், நீலம். திடீரென்று அதன் நடுவே பச்சைப் பச்சையாகத் திட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி, புது ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த மாதிரி, வெளிறிய பச்சை நீலத்தில் ஒரு கரை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கலர் கலந்திருக்கிறேன். அந்தக் கலரை எந்த டப்பாவிலிருந்தும் எடுக்க முடியாது. சத்தியமாகச் சொல்கிறேன்.

2023இல் திறந்த புது முனையம் சிப்பி வடிவத்தில் இருக்கிறது. ஊரின் பெயரையும் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் எங்களை ஏற்றிக்கொண்ட வண்டிக்காரர் போர்ட் பிளேர் என்றுதான் சொன்னார். அதுவும் தமிழில். "அண்ணே, எந்த ஊரு?" என்று கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. அவர் தாத்தா ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். இவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தீவில்தான். அந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்காத தெருவே இல்லை போலிருக்கிறது. முருகன் கோவில் இருக்கிறது, இட்லிக் கடை இருக்கிறது, பரோட்டாவும் கிடைக்கிறது. கடல் தாண்டி வந்த களைப்பு பாதி அங்கேயே போய்விட்டது.

அன்று மத்தியானம் செல்லுலார் ஜெயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஜாலியாகத் தொடங்கிய பயணத்தில் இது எதற்கு என்று முதலில் நினைத்தேன். உள்ளே போன பத்தாவது நிமிஷம் வாயடைத்துப் போனேன். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்திருக்கிறார்கள். நடுவில் ஒரு கோபுரம், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் போல அதிலிருந்து ஏழு கிளைகள். இப்போது மிச்சமிருப்பது மூன்று. ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும். ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரே ஆள். அறையின் நீளம் நான் கட்டுகிற ஒரு பஸ்ஸில் பாதிகூட வராது.

என் கண் தாழ்ப்பாளில் போய் நின்றது. கம்பிக் கதவின் தாழ்ப்பாளை நீளமாக இழுத்து, பக்கத்துச் சுவரில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் போய் விழும்படி செய்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் கம்பி வழியாகக் கையை எவ்வளவு நீட்டினாலும் பூட்டைத் தொட முடியாது. நானும் நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. எங்கள் தொழிலில் கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கும்போது, அவசரம் என்றால் உள்ளே இருப்பவர் எப்படித் திறந்து வெளியே குதிப்பார் என்றுதான் முதலில் பார்ப்போம். இதைச் செய்த கொல்லன் கெட்டிக்காரன். அவனை எனக்குப் பிடிக்கவில்லை. மாலை ஒலி ஒளிக் காட்சியில் முற்றத்து அரசமரமே கதை சொல்வதாக அமைத்திருக்கிறார்கள். செக்கு இழுத்தவர்கள் கதை வந்தபோது அவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். காட்சி இந்தியில் நடந்தது. எங்கள் இருவருக்கும் பாதிக்கு மேல் புரியவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். எங்களுக்குப் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை! மீனைப் பார்த்தால், "சின்னவன் முள்ளை எடுத்துக் குடுத்தாத்தான் தின்பான்." ஐஸ்கிரீமைப் பார்த்தால், "பெரியவளுக்குச் சளி." எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி பிள்ளைகள் ஸ்டாப்பில்தான் போய் நின்றது. சரி என்று அவளே ஒரு சட்டம் போட்டாள். பிள்ளைகளைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் பத்து ரூபாய் அபராதம். முதல் அரை மணியில் நான் ஐம்பது ரூபாய் கட்டினேன். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அப்புறம் அவள் மெதுவாக, தான் எட்டாவது படிக்கும்போது பள்ளியில் நடந்த ஒரு ஓட்டப் பந்தயத்தைப் பற்றி ஆரம்பித்தாள். பதினாலு வருஷத்தில் நான் கேட்காத கதை. பன்னிரண்டு மணி வரைக்கும் போனது.

மறுநாள் காலை கப்பலில் ஹேவ்லாக். 2018இல் இதற்கும் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். கடல் பிப்ரவரியில் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கப்பலின் சீட் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. முதுகுச் சாய்வு போதாது, முழங்கால் இடிக்கிறது. அதை விடுவோம். தீவில் இறங்கினால் கடற்கரைகளுக்கெல்லாம் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், டவுன் பஸ் மாதிரி. மூன்று, ஐந்து, ஏழு. ஏழாம் நம்பர்தான் ராதாநகர். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம்.

ஐயோ, அந்த ராதாநகரை நான் எப்படிச் சொல்வது? ரோட்டிலிருந்து உள்ளே நடந்தால் முதலில் காடு. இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத மரங்கள், நேராக வானத்துக்குப் போகின்றன. அந்த இருட்டைத் தாண்டி ஒரு அடி வைத்தால், முகத்தில் அறைந்த மாதிரி வெளிச்சம். ரவை போல மணல், நடந்தால் கால் சுடவில்லை. இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைந்து போகிறது. அலை கரைக்கு வருகிறது, ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லை. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் கால் நகம் தெரிகிறது. உப்புநீர் முதலை பற்றி எச்சரித்து ஒரு பலகை வைத்து, குளிக்கும் பகுதிக்கு வலை கட்டியிருக்கிறார்கள். அதற்குள் நின்றால் பயமில்லை. சோடாக் கடை கூட்டம், பலூன் சுடுகிற கூட்டம், மிளகாய் பஜ்ஜி வாசனை எதுவும் கிடையாது. (மிளகாய் பஜ்ஜி மட்டும் இருந்திருக்கலாம்.)

எத்தனையோ தடவை கடல் பார்த்திருக்கிறோம். ஆனால் கடலை நாங்கள் பார்த்ததில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களுக்குக் கடல் என்றால் சின்னவனின் முதுகுக்குப் பின்னால் ஏதோ நீலமாக அசைவது. கண்ணெல்லாம் அவன் மேல். அவள் எப்போதும் கரையில் நாலு துண்டு, நாலு ஜோடி செருப்பு, மாற்றுத்துணிப் பை, முறுக்கு டப்பா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு நிற்பாள். பதினொரு வருஷமாக எந்தக் கடலிலும் அவள் கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அன்று செருப்பைக் கழற்றி மரத்தடியில் போட்டாள். போட்ட வேகத்தில் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். முழங்கால், இடுப்பு, ஒரு அலை வந்ததும் தலை. மேலே வந்து, கண்ணில் உப்புத் தண்ணி வழிய, "ஏங்க, வாங்க!" என்று கத்தினாள் பாருங்கள். அந்தக் குரலைக் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊர்த் திருவிழாவில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன், ராட்டினத்தில் இருந்தாள்.

ஐந்தரைக்கெல்லாம் சூரியன் கடலுக்குள் போய்விட்டது. ஆறு மணிக்குக் கும்மிருட்டு. அறைக்கு வந்து வீட்டுக்கு வீடியோ கால் போட்டால், அங்கே திண்ணையில் இன்னும் வெயில்! "அம்மா, அங்க ஏன் ராத்திரி?" என்று சின்னவன் அலறினான். நான் விளக்குவதற்குள் பெரியவள் போனைப் பிடுங்கி, "அது கிழக்கால இருக்குதுடா. இந்தியா முழுக்க ஒரே மணிதான், சூரியனுக்கு அது தெரியாது" என்றாள். ஆறாவது படிக்கிறாள், சமூக அறிவியலில் நல்ல மார்க். (இதற்கு இருபது ரூபாய் அபராதம் கட்டினேன்.) படம் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை. முன்பெல்லாம் இந்தத் தீவுகளுக்கு வந்தால் போன் செத்துவிடும் என்பார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கேபிள் போட்டு இணைத்தார்கள், அதில் ஹேவ்லாக்கும் சேர்த்தி. சின்னவன் பல் விழுந்த ஓட்டையைக் காட்டியது அந்தக் கேபிள் வழியாகத்தான் வந்திருக்கும்.

மூன்றாம் நாள் காலை ஸ்பீட் போட்டில் யானைக் கடற்கரை. காட்டு மரம் இழுக்கக் கொண்டுவந்த யானைகள் இங்கே தீவுக்குத் தீவு கடலில் நீந்திப் போகுமாம். கடைசியாக நீந்திய ராஜன் என்ற யானை 2016இல் இறந்துபோனது. அமராவதிக் கரையில் பிறந்தும் எனக்கு நீச்சல் தெரியாது, ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே. கண்ணாடியையும் மூச்சுக் குழாயையும் மாட்டி, டியூபைப் பிடிக்கச் சொல்லி, ஒரு பையன் எங்களை இழுத்துக்கொண்டு போனான். தலையைத் தண்ணீருக்குள் விட்டேன்.

அதற்குள் ஒரு ஊர் இருக்கிறது! நெல்லி மரம் மாதிரி, முட்டைக்கோஸ் மாதிரி, மூளை மாதிரி பவளப்பாறைகள். சில இடங்களில் வெளுத்துச் செத்துக் கிடந்ததையும் பார்த்தேன், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடுக்கெல்லாம் மீன். கறுப்பு வெள்ளைப் பட்டை, மஞ்சள், பச்சையும் ஊதாவும் கலந்த கிளிமீன். கிளிமீன் பாறையைக் கொறிப்பது காதில் கேட்கிறது, கரக் கரக் என்று. பக்கத்தில் பார்த்தேன். அவளும் தலையை உள்ளே விட்டு, பார்த்த திசையெல்லாம் விரல் நீட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீருக்குள் பேச முடியாது, அபராதமும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே டியூபைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மிதந்தோம்.

சாயங்காலம் விருது விழா. இதை மட்டும் கொஞ்சம் சுருக்கியிருக்கலாம். மூன்று மணி நேரம், திரையில் கட்டம் கட்டமாகப் படம், அடுத்த வருஷ இலக்கு, அதற்கடுத்த வருஷ இலக்கு. வெளியே அப்படி ஒரு கடல் கிடக்கிறது, உள்ளே ஏசியில் உட்கார்ந்து வளர்ச்சி விகிதம் பார்த்தோம். ஆனால் அவள் பெயரைக் கூப்பிட்டபோது அத்தனையையும் மன்னித்துவிட்டேன். மேடையில் மைக்கைப் பிடித்து, கரூர்ப் பேச்சிலேயே பேசினாள். "என்னோட மொதப் பாலிசி எங்க வீட்டுக்காரருதுங்க. படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டாருங்க." சபை சிரித்தது. நான் எழுந்து நின்று என் கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

அன்று அமாவாசைக்கு ஒரு நாள் முந்தி. சாப்பிட்டு முடித்ததும் விடுதிக்காரப் பையன் ரகசியம் சொல்வது போல, "விளக்கு இல்லாத பக்கமா நடந்து போயி, கடல்ல காலை வைங்க" என்றான். போனோம். ஒன்றும் தெரியவில்லை. நட்சத்திரம் மட்டும் அள்ளி இறைத்தது போல இருந்தது. அவள் தண்ணீரில் காலை இழுத்தாள். காலைச் சுற்றிப் பொறி பறந்தது!

வெல்டிங் பொறி தெரியுமா உங்களுக்கு? எனக்கு அது அன்றாடச் சோறு. கையில், கழுத்தில் எத்தனையோ இடத்தில் சுட்டிருக்கிறது. அதே பொறி, நீல நிறத்தில், ஜில்லென்று. கடலில் கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் இருக்கின்றன, தண்ணீர் கலங்கினால் மின்னும் என்று பையன் சொன்னான். இருக்கட்டும். நான் கையை விட்டு அளைந்தேன், விரல் ஐந்திலிருந்தும் பொறி. அவள் விரலால் தண்ணீரில் என் பெயரை எழுதினாள். முதல் எழுத்து அணைவதற்குள் இரண்டாவது எழுத்து மின்னியது. நாற்பத்தி நாலு வயசில் இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டுமா? வெட்கப்பட்டேன். இருட்டுதான், யாரும் பார்க்கவில்லை.

திரும்பி போர்ட் பிளேரில் கடைசி ராத்திரி. அரிசியும்பருப்புச் சோறும் ஒரு சொட்டு நெய்யும் மனசில் ஓட ஆரம்பித்திருந்தன. வண்டிக்காரர் ஒரு மேட்டில் நிறுத்தி, எதிரே நார்த் பே கலங்கரை விளக்கத்தைக் காட்டி, "பழைய சிவப்பு இருபது ரூவா நோட்டுப் பின்னாடி இருக்கிற படம் இந்தப் பக்கத்துதாண்ணே" என்றார். அபராதப் பணத்தைத் துழாவினால் உண்மையாகவே அதில் ஒன்று இருந்தது. அந்த நோட்டை மட்டும் அவள் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

மொத்த அபராதம் 410 ரூபாய். அதில் என் பங்கு 270. சின்னவன் கடலில் பொறுக்கிய சங்கு வேண்டும் என்று கேட்டிருந்தான். ஆனால் அங்கே கரையில் கிடக்கும் சங்கையோ பவளத்தையோ எடுத்து வரக்கூடாது, விமான நிலையத்தில் பையைச் சோதித்துப் பிடுங்கிவிடுவார்கள். அதனால் சாகரிகா என்ற அரசு விற்பனை நிலையத்தில் ரசீதோடு சிப்பி வைத்த சின்னப் பெட்டி இரண்டு வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் சின்னவன் பெட்டியைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, கடல் சத்தம் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தான். அதற்கு முன் வாசலிலேயே, "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்று கேட்டிருந்தான். அம்மாயி வீட்டில் நாலு நாளும் பணியாரமாம்.

அடுத்த வருஷத் திட்டத்தை அறிவித்துவிட்டார்கள். இலங்கை, ஐந்து இரவு, ஜோடியாக. என் அட்டை அலமாரியில் தயாராக இருக்கிறது. கரூர் வட்டாரத்தில் இன்னும் பாலிசி எடுக்காமல் யாராவது இருந்தால் தயவுசெய்து எங்கள் பட்டறைப் பக்கம் வந்து போங்கள். இன்னும் பதினெட்டு வேண்டுமாம்.